சொந்த அபிப்பிராயம் இல்லாத நாற்பது நிமிடங்கள்

மனித இனம் இதுவரை பட்ட துன்பம் அத்தனைக்கும் ஒரே காரணம், அது தொடுவதற்கும் தள்ளுவதற்கும் வித்தியாசம் பார்த்ததுதான். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர் தத்துவ ஞானி அல்லர். எடை அளவு ஆய்வாளர். வார நாள்களில் கடை கடையாக ஏறிப் பொய்த் தராசுகளைப் பிடித்தார். சனி, ஞாயிறுகளில் கூடைப்பந்து நடுவராக இறங்கி மனிதர்களைப் பிடித்தார். இரண்டு இடத்திலும் அவருக்கு ஒரே பெயர்: மில்லிமீட்டர்.

வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். பெரிய மனிதர்கள் அப்படித்தான்.

மில்லிமீட்டரின் கொள்கை மிக எளிது. ஒருவர் கை இன்னொருவர் மேல் பட்டால் ஃபவுல். விரல் பட்டால் விரல் அளவுக்கு ஃபவுல் என்றெல்லாம் கிடையாது; முழு ஃபவுல். கை படாமல் வியர்வை மட்டும் தெறித்தால்? இந்தக் கேள்வியை யாரோ விளையாட்டாகக் கேட்டுவைக்க, அவர் மூன்று வாரம் தூங்காமல் யோசித்து, "துளி யாருடையது என்று நிரூபணமானால் பார்க்கலாம்" என்று தீர்ப்பளித்தார். தம் நடுவர் வாழ்க்கையில் "பார்க்கலாம்" என்ற சொல்லை அவர் உபயோகித்தது அந்த ஒரு தடவைதான். பிற்பாடு அதற்காகவும் வருத்தப்பட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை காத்திருந்தது. அவர் மனைவியும் நடுவர். அதிலும் அவரைவிட ஒரு படி மேலே, முதல் தர நடுவர்.

அம்மணிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. பயிற்சிக்கு வந்தவர் விளக்குக் கம்பத்தைக் குறிபார்த்து வண்டியை விடும்போது, தம் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை உடனே மிதித்துவிட மாட்டார். "அந்தக் கம்பம் ரொம்ப வருஷமா அங்கதான் நிக்குது. நாமதான் சுத்திப் போகணும், என்ன?" என்பார். வண்டி சுற்றிப் போகும். மைதானத்திலும் அதே புத்தி. விசில் கழுத்தில் தொங்கும். வாய்தான் வேலை செய்யும்.

"தம்பி, அவன் இடுப்புல இருந்து கையை எடு. அது என்ன சூட்கேஸா?"

"சரிக்கா."

"நீ ரொம்ப நேரமா வளையத்துக்குக் கீழயே நிக்கிற. வாடகைக்கு எடுத்திருக்கியா? வெளிய வா."

"வந்துட்டேங்க்கா."

ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். தோற்றவர்களும் கை கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு நடுவருக்கு இதைவிட வெட்கக்கேடு உண்டா?

மில்லிமீட்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மணி நடத்திய ஆட்டத்தின் வீடியோவைத் தொலைக்காட்சியில் போட்டு, ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். அம்மணி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"இதோ, நிறுத்திட்டேன். பாத்தியா? இவன் முழங்கை அவன் விலாவுல."

"அன்னைக்கே பாத்தேங்க."

"பாத்துட்டு?"

"விலாவுக்கு ஒண்ணும் ஆகலைன்னும் பாத்தேன்."

"ஊதலையே!"

"அவன் அந்த இடியையும் வாங்கிக்கிட்டுப் பந்தைக் கூடையில போட்டுட்டான். நான் ஊதி நிறுத்தியிருந்தா யாருக்கு நஷ்டம்? இடி வாங்கினவனுக்குத்தான். தொட்டதும் ஊதுன்னு எந்த விதியிலயும் இல்லைங்க. தொட்டதால அவன் எதையாவது இழந்தானான்னு பாக்கச் சொல்லியிருக்கு."

"அதை யாரு பாக்கறது?"

"நாமதான். அதுக்குத்தானே நம்மள உள்ள விடறாங்க."

"அபிப்பிராயம்!" என்றார் மில்லிமீட்டர். கெட்ட வார்த்தையைக் குழந்தைகள் முன்னால் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "ஒரு தராசு, 'இந்த ஆளு பாவம், அம்பது கிராம் போனாப் போகுது'ன்னு நினைச்சா என்ன ஆகும்?"

"தராசுல வெண்டைக்காய் ஓடியாடாதுங்க. வெச்ச இடத்துல இருக்கும்."

மத்தியானம் வரை ஓட்டி ஓட்டி நிறுத்திக் கடைசியில் அவர் கணக்கை முடித்தார். "மொத்தம் அறுபத்தொண்ணு! அறுபத்தொரு குத்தத்தைக் கண்ணால பாத்தும் விட்டிருக்க."

"அறுபத்துமூணு" என்றார் அம்மணி, கடைசித் துண்டை மடித்து வைத்தபடி. "ரெண்டு கேமராவுல விழல."

குற்றவாளி தானாக முன்வந்து ஒப்புக்கொண்ட அந்த இரண்டையும் சேர்த்து மில்லிமீட்டர் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நடுவர் சங்கத்தின் அவசரக் கூட்டம், காற்றுப்போன பந்துகளும் கிழிந்த வலைகளும் கிடந்த சாமான் அறையில், மிகுந்த கண்ணியத்துடன் கூடியது. செயலாளர் தொழிலால் பல் மருத்துவர். எதிரே இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே பேசிப் பழகியவராதலால், பதில் வரும் என்று எப்போதுமே எதிர்பார்க்க மாட்டார்.

மில்லிமீட்டர் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். "இனிமேல் நடுவர்கள் களத்துக்குள் சொந்த அபிப்பிராயம் எதையும் எடுத்து வரக் கூடாது. கைவசம் ஏதேனும் இருந்தால் உடைமாற்றும் அறையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும்."

மூலையில் இருந்த மூத்த நடுவர் கையைத் தூக்கினார். "திரும்பி வரும்போது காணாமப் போயிருந்தா?"

"சொந்தப் பொருள்களுக்குச் சங்கம் பொறுப்பல்ல" என்றார் செயலாளர். அதுவும் குறிப்பேட்டில் ஏறியது.

தீர்மானத்தின் இரண்டாம் பகுதி இன்னும் அழகு. ஓர் ஆட்டத்தில் நாற்பது குற்றங்களுக்கு மேல் பார்த்தும் ஊதாமல் விட்ட நடுவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். எண்ணுவதற்கு ஒரு கண்காணிப்பாளர். கண்காணிப்பாளர் யார் என்று யாரும் கேட்கவில்லை, அவர்தான் நின்றுகொண்டிருந்தாரே. அப்போதைக்கு ஆதாரத்தோடு எண்ணி முடிக்கப்பட்டிருந்தவர் ஒரே ஒருவர். அடுத்த மாத இறுதிப் போட்டிக்கு முதன்மை நடுவராகப் பெயர் போட்டிருந்தவரும் அவரே. பதினான்கு வருடம் விசில் ஊதி, அதாவது ஊதாமல், அம்மணி எட்டிப் பிடித்த இடம் அது.

அம்மணி எழுந்தார். "ஒரே ஒரு கேள்வி. எதைக் குத்தம்னு எண்ணணும், எதை எண்ண வேண்டாம்னு கண்காணிப்பாளர் எப்படி முடிவு பண்ணுவாரு?"

"முடிவே பண்ண மாட்டார்" என்றார் மில்லிமீட்டர். "எண்ணுவார். அவ்வளவுதான்."

"கேட்டுக்கிட்டேன்" என்று அம்மணி உட்கார்ந்தார்.

செயலாளருக்கு மட்டும் லேசாக உதைத்தது. பல்லைப் பிடுங்குவதற்கு முன் ஒரு தடவை தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். "ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பாத்துடுவோம். புது முறையில ஒரு ஆட்டம். நாப்பது நிமிஷமும் முழுசா ஓடி முடிஞ்சா, தீர்மானம் நிரந்தரம். அம்மா பேரையும் நிரந்தரமா எடுத்துடலாம். பாதியில நின்னு போச்சுன்னா தீர்மானம் குப்பைக்கு, ஃபைனல் அம்மாவுக்கு. நடுவரா நீங்களே இருங்க சார்."

"கூட இன்னொரு நடுவர்?"

"ரெண்டு பேருன்னா ரெண்டு அபிப்பிராயம் வந்துடும் சார்."

இந்த வாதத்தின் நேர்த்தியில் மில்லிமீட்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளோட்ட நாள் காலை அவரைக் காரில் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அம்மணிதான். பட்டியலில் பெயர் நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால் அவருக்கு மேசையில் கடிகாரம் பார்க்கும் வேலை கொடுத்திருந்தார்கள்.

"உனக்கு உள்ளுக்குள்ள வருத்தம் இருக்கும்" என்றார் மில்லிமீட்டர், பெருந்தன்மையாக.

"இருக்குங்க."

"விதின்னு வந்துட்டா பொண்டாட்டி, புருஷன்னு பாக்க முடியாது."

"நீங்க பாக்கவே வேண்டாம். ஊதுங்க, போதும்" என்று அம்மணி மூன்றாவது கியருக்கு மாற்றினார்.

மோதியவை மருத்துவமனை அணியும் பஸ் பணிமனை அணியும். அணிக்கு ஏழு பேர். இதில் தோற்பவர் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்பதால் இரு பக்கமும் விறைப்பாகத்தான் வந்திருந்தார்கள்.

காலை பத்து மணிக்குப் பந்து மேலே போனது. எகிறிய இருவரின் தோள்களும் உரசின. விசில்! ஆட்டம் தொடங்கி ஒரு விநாடிகூட ஆகவில்லை. அரங்கமே அதிர்ந்தது. இப்படிப்பட்ட பார்வைக் கூர்மையை அந்த மைதானம் அதற்குமுன் கண்டதில்லை.

அதன்பின் நீதி ஆறாகப் பெருக்கெடுத்தது. தடுத்தால் விசில். ஒதுங்கும்போது முதுகு பட்டால் விசில். மருத்துவமனை வீரர் ஒருவர் தடுமாறி விழ, பணிமனை ஃபிட்டர் ஓடிப்போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். விசில்!

"சார், விழுந்தவனைத் தூக்கிவிட்டேன் சார்!"

"எதைக் கொண்டு தூக்கினாய்?"

"கையாலதான் சார்."

"அவன் எந்த அணி?"

ஃபிட்டர் யோசித்தார். நியாயம் தமக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் பகுதி முடிய ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. யாரும் ஓடவில்லை, ஓடத் தொடங்குவதற்குள் யாராவது ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று எறிந்துகொண்டிருந்தார்கள். பார்வையாளர்களில் பாதிப் பேர் எழுந்துபோய், சாப்பிட்டு, திரும்பி வந்து, "யார் எறியறாங்க?" என்று கேட்டார்கள். ஐந்து ஃபவுல் ஆனவர்கள் ஒவ்வொருவராக வெளியேறி ஓரப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெஞ்சு நிரம்பி வழிந்தது. களம் விசாலமாயிற்று.

கடைசிப் பகுதியில், இன்னும் ஆறு நிமிடம் இருக்கையில், மில்லிமீட்டர் தம் அறுபத்தாறாவது ஃபவுலை ஊதினார். வெல்டரின் பனியனை எக்ஸ்ரே ஊழியரின் சுண்டுவிரல் உரசியது. பெருமிதத்தோடு நிமிர்ந்து பார்த்தபோது களத்தில் நான்கே பேர் நின்றிருந்தார்கள். மருத்துவமனைக்கு அந்த எக்ஸ்ரே ஊழியரும், அலமாரி போன்ற உடம்புடைய ஆம்புலன்ஸ் டிரைவரும். பணிமனைக்கு ஒரு கண்டக்டரும் வெல்டரும். நான்கு பேருக்குமே தலைக்கு நான்கு ஃபவுல்.

செயலாளர் ஓரக்கோடு வரைக்கும் வந்து கையாட்டிக் கூப்பிட்டார்.

"சார், இன்னும் ஒரே ஒரு ஃபவுல் ஊதினீங்கன்னா ஒரு ஆள் வெளிய போயிடுவாரு."

"போகட்டும். விதி."

"போனா அந்தப் பக்கம் மிச்சம் ஒரே ஆளு. ஒரே ஆளை அணின்னு சொல்ல முடியாது. ஆட்டம் அந்த நிமிஷமே முடிஞ்சிடும். அதுவும் விதிதான் சார். நாப்பது நிமிஷம் ஓடாது. தீர்மானம்…" என்று செயலாளர் குப்பைத் தொட்டி இருந்த திசையைக் கண்ணால் காட்டினார்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் மில்லிமீட்டர்.

தெரியாது. அவர் ஃபவுல்களைத்தான் எண்ணியிருந்தார், ஆள்களை எண்ணவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த நொடியே ஆம்புலன்ஸ் டிரைவரின் கை வெல்டரின் முதுகில் உட்கார்ந்தது. மில்லிமீட்டரின் கன்னம் உப்பியது. விசில் உதட்டில் இருந்தது. காற்று மட்டும் வரவில்லை. இருமினார்.

மறுபடி ஒரு முழங்கை. அவருக்குக் கண்ணில் தூசி. மறுபடி ஒரு இடுப்பு. ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. குனிந்து, முடிச்சை அவிழ்த்து, நிதானமாக மறுபடி கட்டினார்.

எக்ஸ்ரே ஊழியருக்கு முதலில் சந்தேகம் தட்டியது. சோதித்துப் பார்ப்பதற்காகக் கண்டக்டரின் முழங்கையை மெல்லத் தொட்டுவிட்டு நடுவரைப் பார்த்தார். நடுவர் கூரையில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே ஊழியர் பனியனைப் பிடித்து இழுத்தார். விளக்குகள் நிறைய இருந்தன போலும். விஷயம் விளங்கியதும் நான்கு பேரும் மனம்விட்டு விளையாடத் தொடங்கினார்கள். பந்து ஒரு பக்கம் கிடந்தது.

ஆம்புலன்ஸ் டிரைவர் வெல்டரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்தே தூக்கிவிட்டார். மில்லிமீட்டர் அக்கம்பக்கம் பார்த்தார். நெருங்கிப் போனார். உதடு அசையாமல், "தம்பி… கொஞ்சம் இறக்கி விடுப்பா" என்றார்.

டிரைவர் பயந்துபோய் வெல்டரைக் கீழே போட்டார். "சார், எங்கிட்டயா பேசினீங்க?"

"யாரும் பேசல. ஆடு."

ஒரு டைம் அவுட் வந்தது. மில்லிமீட்டர் தண்ணீர் குடிக்கும் சாக்கில் மேசைக்குப் போனார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு நிமிஷம் பத்து விநாடிங்க."

"கொஞ்சம் வேகமா ஓட்ட முடியாதா?"

"கடிகாரத்துக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாதுங்க."

அவர் தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்போது அம்மணி தாழ்ந்த குரலில் சொன்னார்: "சும்மா உரசறதை விடுங்க, தப்பில்ல. அந்த டிரைவர் மேல மட்டும் ஒரு கண்ணு வைங்க. கோபத்துல இருக்காரு. ஒண்ணு வரும். அது வந்தா ஊதிடுங்க."

"எனக்குக் கத்துக்கொடுக்கறியா?"

"இல்லைங்க."

கடைசிப் பத்து விநாடி. மருத்துவமனை எண்பத்தெட்டு, பணிமனை எண்பத்தேழு. பந்து கண்டக்டரிடம். அவர் எக்ஸ்ரே ஊழியரை ஏமாற்றி, உள்ளே புகுந்து, வளையத்தை நோக்கி எழும்பினார். இரண்டு கையாலும் பந்தைக் கூடைக்கு மேல் கொண்டுபோய்விட்டார். பக்கவாட்டிலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர் ஓடிவந்த வேகத்தில் தோளோடு மோதினார். கண்டக்டர் பறந்துபோய்ச் சுவரோர மெத்தையில் விழுந்தார். உதடு கிழிந்தது. பந்து எங்கோ உருண்டது.

ஓரப் பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் எழுந்துவிட்டார்கள். எல்லார் கண்ணும் ஒரு விசிலின் மேல் நின்றது. அம்மணி விட்ட அறுபத்துமூன்றையும் மூட்டையாகக் கட்டித் தராசில் வைத்தாலும் இந்த ஒன்றின் தட்டு தரையை விட்டு எழாது. இதை அம்மணியே விட்டிருக்க மாட்டார்.

மில்லிமீட்டர் பார்த்தார். நேருக்கு நேராக, மூன்றடி தூரத்திலிருந்து, முழுசாகப் பார்த்தார். விசில் பல்லிடுக்கில் இருந்தது. பல்லை இறுக்கிக்கொண்டார். மூன்று விநாடி. இரண்டு. ஒன்று. சங்கு ஊதியது.

நாற்பது நிமிடமும் முழுசாக ஓடி முடிந்தது.

செயலாளர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சாதிச்சுட்டீங்க சார்! மனுஷ மூளையோட கலப்பே இல்லாத ஆட்டம்!"

கண்டக்டர் எழுந்து, நொண்டிக்கொண்டு வந்தார். "சார்… இதுகூடவா சார் படல?"

மில்லிமீட்டர் பாக்கெட்டிலிருந்து அளவு நாடாவை எடுத்து, வளையத்தின் உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

மேசையில் இரண்டு தாள்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தன. முதலாவது ஆட்ட அறிக்கை. "நடுவர் பார்த்தும் ஊதாதவை எத்தனை?" என்று அவரே அச்சடிக்கச் சொல்லியிருந்த கேள்விக்கு எதிரே, "இல்லை" என்று எழுதினார். எழுத்து நேர்கோட்டில் நின்றது. இரண்டாவது, பட்டியலிலிருந்து அம்மணியை நிரந்தரமாக நீக்கும் உத்தரவு. காரணம்: பார்த்தும் ஊதாமை. கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா மக்கர் பண்ணியது. இரண்டு தடவை உதறினார். அம்மணி தம் பேனாவை நீட்டினார். கையெழுத்து விழுந்தது.

அம்மணி மூடியைப் பேனாவில் மாட்டிவிட்டு, ஒரு கை நிறைய ஐஸ் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். மேசைக்கு மறுபுறம், கைக்கெட்டும் தூரத்தில், உதட்டைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, கண்டக்டருக்கு உதடு கிழிஞ்சிருக்கே. அதை அறிக்கையில எழுதலையா?"

மில்லிமீட்டர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எந்தக் கண்டக்டர்?" என்றார்.